முதல் நாளும் ஓர் ஆற்றுப்படையும்

அயல்நாட்டில் வாழும் தமிழர்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் கூடி, உணவும் முடிந்து, பேச்சு திசையற்று நகரத் தொடங்கும் வேளையில், யாராவது ஒருவர் தான் வந்திறங்கிய முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது, வந்துசேர்ந்த பெட்டிக்குள் ஊறுகாய்ப் புட்டி உடைந்து சட்டைகள் அனைத்தும் சிவந்துபோயின, பனிக்காலத்தில் வெறும் பருத்திச் சட்டையோடு இறங்கினார், பேருந்தில் எதிர்த்திசையில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. பல முறை சொல்லிச் சொல்லி அவை மெருகேறியிருக்கும். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் சொல்பவருக்குப் பழகியிருக்கும். நாமும் சிரிப்போம், அடுத்து நம் முறை வரும்.

இந்தக் கதைகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இவற்றில் நகைப்புக்கு உரியவராக எப்போதும் வந்திறங்கியவரே இருக்கிறார். அவருடைய அறியாமை, அவருடைய பதற்றம், அவருடைய பொருந்தாத உடை. அந்த நாளில் அங்கே இருந்திருக்கவேண்டிய, ஆனால் இல்லாமல்போன இன்னொருவரைப் பற்றிக் கதை பேசுவதே இல்லை. வந்தவரை எதிர்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் இக்கதைகளில் பெரும்பாலானவை நிகழ்ந்தே இருக்காது. முதல் நாள் இடர்களைப் பயணியின் பேதைமையாகச் சொல்லிச் சொல்லி, வரவேற்பு என்ற ஒரு பழைய கடமை நம்மிடமிருந்து நழுவிப்போனதை நாம் மறைத்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன். கனகம்மாசத்திரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். 2004 அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் சிறியதொரு பல்கலைக்கழக நகரத்துக்குப் போனேன். போகும்போது எனக்கு இரண்டு இறுமாப்புகள் இருந்தன. ஒன்று மொழி பற்றியது. திருத்தணி வட்டாரம் 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தமிழும் தெலுங்கும் மாறிமாறி ஒலிக்கும். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவன் மூன்றாவது மொழிக்கு அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணியிருந்தேன். மற்றொன்று ரயில் பற்றியது. அரக்கோணம் சந்திப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு ரயிலைப் பற்றி யார் என்ன சொல்லித்தர முடியும்?

இரண்டு இறுமாப்பும் ஒரே மணி நேரத்தில் தீர்ந்தன. நான் ஏறிய வண்டி பாதி வழியில் ஒரு சந்திப்பில் இரண்டாகப் பிரியும் வண்டி. முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். இதை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள்; ஜெர்மன் மொழியில் சொன்னார்கள். நான் பின்பாதியில் அமர்ந்து சன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறான ஊரில் இறங்கி, திரும்பும் வண்டிக்குக் காத்திருந்து, போய்ச் சேரவேண்டிய விடுதிக்கு வந்தபோது இரவு ஒன்பது மணி. அன்று சனிக்கிழமை. அறைச் சாவியைத் தரவேண்டிய விடுதிப் பராமரிப்பாளர் வெள்ளி மதியமே வீட்டுக்குப் போயிருந்தார். இனி திங்கள் காலையில்தான் வருவார். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. கையில் இருந்தது விமானத்தில் கொடுத்த ஒரு ரொட்டித் துண்டும் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும்.

அன்றிரவு அந்த விடுதியின் பொதுச் சமையலறையில் தேநீர் போட வந்த ஓர் எரித்திரிய மாணவர் என்னைப் பார்த்தார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. தன் அறையின் தரையில் ஒரு போர்வையை விரித்தார். காலையில் அவரே நடத்திக் கூட்டிப்போய், ரயில் நிலையத்தில் ஞாயிறன்றும் திறந்திருக்கும் ஒரே கடையைக் காட்டினார். அங்கிருந்த நாணயத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாருப்பா வந்து கூட்டிட்டுப் போனாங்க?" என்பது. சாப்பிட்டாயா, குளிராக இருக்கிறதா என்றெல்லாம் பிறகுதான் கேட்டார். "இங்க படிக்கிற ஒருத்தர் ஸ்டேஷனுக்கே வந்துட்டார்பா" என்று சொன்னேன். அயல்நாட்டிலிருந்து நான் வீட்டுக்குச் சொன்ன முதல் செய்தி பொய்.

இதில் ரயில் பிரிந்ததும் சாவி கிடைக்காததும் நான் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்த பகுதிகள். அப்பாவின் கேள்வியை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இன்று யோசிக்கும்போது, அந்த நாளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று தெரிகிறது.

மேலை நாட்டில் சனிக்கிழமை போய் இறங்குவதன் துன்பத்தை எழுத்தில் பதிந்த முன்னோடி காந்தி. 1888 செப்டம்பர் இறுதியில் பத்தொன்பது வயது நிறையாத இளைஞராக அவர் இங்கிலாந்தில் இறங்கினார். கப்பலில் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தவர், கரையிறங்கும்போது வெள்ளை உடைதான் எடுப்பாக இருக்கும் என்று கருதி, அதற்கென்றே பத்திரப்படுத்தியிருந்த வெள்ளைக் கம்பளித்துணி உடையை அணிந்துகொண்டார். இலையுதிர் காலத்து இங்கிலாந்தில் வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தம் பெட்டிகளையும் சாவிகளையும் ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தார். விடுதிக்குப் போனபின்தான் தெரிந்தது: மறுநாள் ஞாயிறு, பெட்டிகள் திங்கட்கிழமைக்குமுன் வாரா. அந்த வெள்ளை உடையிலேயே இருக்கவேண்டியதாயிற்று. அன்று இரவு எட்டு மணியளவில் அவரைக் காண மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். பேச்சுக்கிடையில் காந்தி அவருடைய உயரத் தொப்பியைக் கையிலெடுத்து அதன் மென்மயிரை எதிர்ப்புறமாகத் தடவிவிட்டார். மேத்தா முகம் சுளித்துத் தடுத்தார்.

பலரும் இந்த நிகழ்ச்சியை இவ்வளவோடு நிறுத்திச் சிரித்துவிடுவார்கள். ஆனால் காந்தியின் சுயசரிதையில் அது இங்கே முடிவதில்லை. மேத்தா அந்த இடத்திலேயே அவருக்கு முதல் பாடத்தை நடத்தினார். பிறர் பொருளைத் தொடக்கூடாது, முதல் சந்திப்பிலேயே நம் ஊரில் கேட்பதுபோல் சொந்தக் கேள்விகள் கேட்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. கரையிறங்கியதும் காந்தி அனுப்பிய தந்தியைப் பெற்று, அன்றைய இரவே வந்துவிட்ட ஒரு மனிதர் அவர். தொப்பியின் மயிர் கலைந்தது சின்ன விஷயம். வந்தவனுக்கு அன்றைக்கே ஒருவர் வந்து சேர்ந்தார் என்பதுதான் பெரிய விஷயம்.

ராமானுஜன் வரலாற்றில் இதைவிட நுட்பமான ஒரு பாடம் இருக்கிறது. 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்ட அவர் ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார். அவரை எதிர்கொள்ள கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் காத்திருந்தார். லண்டன் க்ராம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கென இருந்த விடுதியில் சில நாள் தங்கவைத்து, பிறகு கேம்பிரிட்ஜில் தம் சொந்த வீட்டுக்கே அழைத்துப்போனார். அந்தக் காலத்தில் ஓர் இந்திய மாணவருக்கு இதைவிடச் சிறந்த வரவேற்பு கிடைத்திருக்க முடியாது.

ஆனாலும் ஒன்று விடுபட்டுப்போயிற்று. ராமானுஜன் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோன பிறகு, குளிர் தொடங்கிய நாட்களில், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அவரிடம் இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டார். மேல்கோட்டை அணிந்துகொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அவை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் அந்த விரிப்பின்மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1967-இல் ராமானுஜனைப் பற்றி எழுதிய நூலில் மகலனோபிஸின் இந்த நினைவுகூரல் இருக்கிறது.

நமக்கெல்லாம் இது மேதையின் அப்பாவித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லித்தரப்பட்டது. எண்களின் ஆழத்தைக் கண்டவருக்குக் கம்பளியின் இடம் தெரியவில்லை பாருங்கள் என்று. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. முதல் நாள் என்பது இருபத்துநான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுவதில்லை. சொல்லித்தர ஆள் இல்லாத ஒவ்வொரு பொருளிலும் அது நீடிக்கிறது. ராமானுஜனின் படுக்கையில் அது மாதக்கணக்கில் நீடித்தது. நெவில் அன்பில் குறைந்தவர் அல்லர். ஆனால் கம்பளிக்குள் நுழைந்து படுப்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடும் என்பது அவருடைய கற்பனைக்கே எட்டியிராது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது, கல்கத்தாவிலிருந்து சிறிது காலம் முன்னால் வந்து அதே குளிரில் தானும் ஒரு முதல் நாளைக் கடந்திருந்த இன்னோர் இந்தியருக்குத்தான். வந்தவருக்கு எது தெரியாது என்பது, அண்மையில் வந்தவருக்கே தெரியும். வரவேற்பின் அடிப்படை இந்த அறிவு.

என் ஊருக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அந்த ஊரின் பெயரிலேயே இந்த அறிவு இருக்கிறது. கனகம்மாசத்திரம் சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் உள்ளது. இன்று அவ்வழியே செல்பவர்கள் சில நொடிகளில் அதைக் கடந்துவிடுவார்கள். ஆனால் திருத்தணி மலைக்கு ஆடிக் கிருத்திகைக் காவடியோடும், திருமலைக்கு மஞ்சள் ஆடையோடும் நடந்துபோன காலத்தில் அந்தச் சாலையில் ஓர் இரவு தங்க இடம் வேண்டியிருந்தது. கனகம்மா என்னும் பெண்ணின் பெயரை ஒரு சத்திரம் தாங்கியது; சத்திரத்தின் பெயரை ஊர் தாங்குகிறது. சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம், ஒட்டன்சத்திரம் என்று தமிழ்நாட்டுச் சாலைகள் நெடுகிலும் இத்தகைய பெயர்கள் இருக்கின்றன. அரசர்களையும் தெய்வங்களையும் விட்டால் நம் ஊர்ப்பெயர்களில் நிலைத்தவர்களில், வழிப்போக்கருக்குக் கூரை தந்தவர்களும் இருக்கிறார்கள்.

சத்திரம் என்றால் என்ன என்பதற்கு நான் படித்தவற்றுள் மிக விளக்கமான ஆவணம், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு அங்கே சோறிடப்பட்டது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியாகத் தரப்பட்டது. நடக்க முடியாமல் நோயுற்றவர்களுக்குக் குணமாகும்வரை மருத்துவம் பார்க்கப்பட்டது. அக்கடிதத்தில் என்னைப் பெரிதும் நெகிழச்செய்தது ஒரு சிறு குறிப்பு. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று கூவி அழைக்கப்படும். தாமதமாக வந்து சேர்பவன் ஒருவன் எப்போதும் இருப்பான் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள் வகுத்த ஏற்பாடு இது. வெள்ளி மதியத்தோடு பூட்டிப்போகும் ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்றவன் என்ற முறையில் இதன் அருமை எனக்குத் தெரியும்.

பழமையை மெழுகிக் காட்டுவது என் நோக்கம் அன்று. எல்லாச் சத்திரங்களும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதி பார்த்துச் சோறிட்ட சத்திரங்கள் நிறையவே இருந்தன. நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நடத்திய கிட்டங்கிகளும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்திறங்கும் இளைஞனுக்கு அங்கே படுக்க இடமும், பொதுச் சமையலும், தொழில் சொல்லித்தரும் மூத்தோரும் இருந்தார்கள். ஆனால் அவன் அவர்களுடைய குலத்தவனாக இருக்கவேண்டும். அதே துறைமுகத்தில் அதே கப்பலிலிருந்து இறங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. சத்திரத்தின் குறை அதன் வாசல் குறுகலாக இருந்தது என்பதுதான். வாசலை அகலப்படுத்தியிருக்க வேண்டிய நாம் கட்டடத்தையே கைவிட்டுவிட்டோம்.

கூரையைப் போலவே சொல்லும் ஒரு வரவேற்பு. இதிலும் நம்மிடம் ஒரு மரபு உண்டு. நாம் அதைத் தேர்வுக்குப் படிக்கும் இலக்கிய வகையாக மட்டும் சுருக்கிவிட்டோம். ஆற்றுப்படையைச் சொல்கிறேன். வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவரை வழியில் சந்திக்கிறார்; நீயும் போ, இந்த வழியாகப் போ என்று ஆற்றுப்படுத்துகிறார். புரவலனின் புகழைப் பாடுவதே அதன் நோக்கம் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் பாட்டுகளின் பெரும்பகுதியை நிரப்புவது வழியைப் பற்றிய செய்திகள். எங்கள் தொண்டை நாட்டின் காஞ்சிக்கு வழிசொல்லும் பெரும்பாணாற்றுப்படையில், எந்த நிலத்து மக்களிடம் என்ன உணவு கிடைக்கும் என்பது வரிசையாக வருகிறது. மலைபடுகடாத்தில் வழியின் ஆபத்துகள் சொல்லப்படுகின்றன: பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களிலிருந்து எப்படித் தப்புவது, எந்தப் பாறை வழுக்கும். பயண இடர்களின் முழுப் பட்டியல் ஒன்று ஈராயிரம் ஆண்டு மரபுள்ள நம் இலக்கியத்தில் இருக்கிறது. அதைச் சொல்பவர் அந்த வழுக்குப் பாறையில் தானும் ஒருமுறை சறுக்கியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் அவர் தன் சறுக்கலைச் சொல்லிச் சிரிக்க வைப்பதில்லை. அடுத்து வருபவன் சறுக்காமல் இருக்க அதைப் பயன்படுத்துகிறார்.

முதல் நாள் கதைகளைச் சொல்ல இரண்டு வழிகள் இருப்பதாக நான் கருதுகிறேன். நகைச்சுவையாகச் சொல்லலாம், அது ஏற்கெனவே வந்து காலூன்றியவர்களுக்காகச் சொல்லப்படுவது. ஆற்றுப்படையாகச் சொல்லலாம், அது இனி வரப்போகிறவருக்காகச் சொல்லப்படுவது. செய்தி ஒன்றுதான், கேட்பவர் வேறு. நாம் முதல் வகையில் தேர்ந்தவர்களாகிவிட்டோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

மேலும், எல்லோருடைய முதல் நாளும் சிரிப்பில் முடிவதில்லை. மாணவனுக்கும் மென்பொருள் பணியாளனுக்கும் அது விருந்துக்கதையாகலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்ற குறியீடு பொறித்த தகர வில்லைகள் தரப்பட்டன. மண்டபத்திலிருந்த முகாமில் நோய்த்தடுப்புக்காகப் பல நாள் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் எவரும் தவறான ஊரில் இறங்கிவிட முடியாது. அவ்வளவு கச்சிதமான ஏற்பாடு. ஆனால் அதை வரவேற்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது சரக்குக்கு முகவரி ஒட்டுவது. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளி விமான நிலையத்தில் சந்திக்கும் முதல் மனிதர் அவருடைய கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்பவராக இருந்த கதைகளை எங்கள் வட்டாரத்திலேயே கேட்டிருக்கிறேன். அவருக்கு அன்றைக்கு அருகில் ஒரு தமிழ்க்குரல் இருந்து, 'அதைக் கொடுக்காதீர்கள்' என்று சொல்லியிருந்தால் அவருடைய அடுத்த சில ஆண்டுகள் வேறாகியிருக்கும்.

அகதிக்கோ முதல் நாள் என்பதே ஒரு விசாரணை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் 2001-இல் வந்தபோது, அது பிரான்சில் அடைக்கலம் கோரும் ஒருவனின் மனுவோடு தொடங்குவதைக் கண்டு வடிவச் சோதனை என்று பேசினோம். இப்போது நினைத்தால் அது வடிவச் சோதனை மட்டுமன்று. அகதி தன் கதையைச் சொல்ல வாய்க்கும் முதல் கேட்பாளர் ஓர் அதிகாரி. அதில் ஒரு தேதி பிசகினாலும் வாழ்க்கை பிசகிவிடும். மெருகேற்றிச் சிரிக்கவைக்கும் சுதந்திரம் அவருக்கு இல்லை.

இன்று இதற்கெல்லாம் தேவையில்லை என்று இளைய நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, மொழிபெயர்ப்பு இருக்கிறது, விமானத்திலிருந்து இறங்கும் முன்பே வண்டியை வரவழைத்துவிடலாம் என்றார். வண்டி பிரியப்போகிறது என்பதை இன்று கைப்பேசியே சொல்லிவிடும் என்பது உண்மை. ஆனால் கைப்பேசி நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். கேட்கத் தெரியாததை அது எப்படி அறியும்? ராமானுஜன் கையில் ஒரு கைப்பேசி இருந்திருந்தால் கேம்பிரிட்ஜின் அன்றைய குளிர் எத்தனை பாகை என்று அது சொல்லியிருக்கும். கம்பளி விரிப்புக்கு அடியில் இருப்பதைச் சொல்லியிராது. முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்குவது கடினம், கணக்கு இல்லாமல் வீடு கிடைப்பது கடினம், வீடு இல்லாமல் முகவரி ஏது என்ற சுழலில் இன்றும் வருகிறவர்கள் சிக்குகிறார்கள். 'என் வீட்டு முகவரியைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்' என்று சொல்வதற்கு ஒரு மனிதர்தான் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியோடுதான் எழுதுகிறேன். நான் அங்கே காலூன்றி ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பின், எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் நானிருந்த நகரத்துக்குப் படிக்க வந்தான். வருமுன் எனக்கு எழுதினான். விமானம் சேரும் நேரத்தைக் குறிப்பிட்டு, 'அண்ணா, முடிந்தால் ஸ்டேஷனுக்கு வரமுடியுமா?' என்று கேட்டிருந்தான். எனக்கு மறுநாள் ஒரு வேலை இருந்தது. அது என்ன வேலை என்பதுகூட இப்போது நினைவில்லை. வண்டி எண், நடைமேடை, பேருந்துத் தடம் எல்லாவற்றையும் விரிவாக எழுதி அனுப்பினேன். கடிதத்தின் முடிவில் என் ரயில் கதையையும் சேர்த்திருந்தேன், வேடிக்கையாக. அவன் விமானம் தாமதமாயிற்று. கடைசி வண்டி போய்விட்டது. அந்த இரவை அவன் ரயில் நிலைய நடைமேடையில் பெட்டிமேல் அமர்ந்து கழித்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். "இனி உனக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது" என்றேன்.

அடுத்த ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். கனகம்மாசத்திரத்தில் பேருந்துக்காக நின்றபோது வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் அருகில் வந்தார். அந்தப் பையனின் அப்பா. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தம்பி எம்புள்ளைய ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிட்டுப் போனீங்களாம். ஊரு தெரியாத ஊர்ல, அந்த ராத்திரில. அவன் அம்மாவுக்கு அன்னிக்குத்தான் தூக்கமே வந்துச்சு."

எட்டாண்டுகளுக்கு முன் நாணயத் தொலைபேசியில் நான் சொன்ன அதே பொய்யை அவனும் சொல்லியிருக்கிறான். நான் சொன்ன பொய்யில் வந்தவர் ஒரு கற்பனை மாணவர். அவன் பொய்யில் வந்தவன் நான். மறுத்தால் அவன் பொய் வெளிப்படும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். "இதுல என்னங்க ஐயா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் கடைக்குப் போய் எனக்கு ஒரு சோடா வாங்கிவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, என் பேருந்து கிளம்பிய பிறகுதான் போனார்.

அதன்பிறகு நான் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். பெரிதாக ஏதுமில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து யார் வருவதாகத் தெரிந்தாலும், எந்த ஊர், என்ன சாதி, யார் பிள்ளை என்று விசாரிக்காமல், ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறேன். போக முடியாவிட்டால் இன்னொருவரை அனுப்புகிறேன். ஒரு போர்வையும் தலையணையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முதல் இரவு கேட்கவேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்: சாவி யாரிடம், நாளை என்ன கிழமை, வெந்நீர்க் குழாய் எப்படித் திறப்பது, படுக்கையில் கம்பளி எங்கே இருக்கிறது என்று காட்டினோமா. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றைச் சேர்க்கிறார்கள். இப்போது அது நான்கு பக்கம் ஆகியிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் அயல்நாட்டில் இருப்பவர்கள் பலர். தமிழ்ச் சங்கங்களில் பொங்கலும் பட்டிமன்றமும் சிறப்பாகவே நடத்துகிறோம். வந்திறங்குபவருக்காக ஒரு தொலைபேசி எண், ஓர் இரவுக்கு ஒரு படுக்கை, சுழற்சி முறையில் நிலையத்துக்குப் போக நான்கு பேர் என்பது இவற்றைவிடச் செலவு குறைந்தது. சங்கம் செய்யாவிட்டாலும் ஒருவர் தனியாகச் செய்யலாம். ஊரில் இருக்கும் பெற்றோர் எவராவது இன்றிரவு தொலைபேசியில், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று கேட்கப்போகிறார். பதில் சொல்லும் பிள்ளை உண்மையைச் சொல்லும்படி நாம் செய்ய முடியும்.